வில்லுக்கால்காரர் வேலைக்கு வந்தால்

பந்தயக் கார் ஓட்டுகிறவன் எப்படி இருக்க வேண்டும் என்று நம் மனசில் ஒரு படம் இருக்கிறது. இருபத்து நாலு வயசு, காற்றில் பறக்கும் தலைமுடி, பின்னால் நாலு பெண்கள், முன்னால் நாற்பது கேமராக்கள். இந்தத் தகுதிகளை வைத்து ஆள் எடுத்திருந்தால் ஹுவான் மானுவேல் ஃபாஞ்சியோவை வாசல் கூர்க்காவே திருப்பி அனுப்பியிருப்பார். ஃபார்முலா ஒன் உலகப் போட்டி என்ற ஒன்று 1950 மே மாதம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் தொடங்கியபோது அவருக்கு வயசு 38. முன்மண்டை முடி முக்கால்வாசி ராஜினாமா கொடுத்துவிட்டிருந்தது. கட்டைகுட்டையான உடம்பு. அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத கீச்சுக்குரல். போதாததற்குக் கால் இரண்டும் வில். அர்ஜென்டினாவே அவரை 'எல் சுவேகோ' என்றுதான் கூப்பிட்டது. நம் பாஷையில் வில்லுக்கால்காரர்.

இந்த வில்லுக்கால்காரர்தான் அடுத்த எட்டு வருஷத்தில் 51 உலகப் போட்டிப் பந்தயங்கள் ஓடி 24-ஐ ஜெயித்தார். 29 முறை முதல் வரிசையில் முதல் ஆளாக நின்று கிளம்பினார். 1951, 1954, 1955, 1956, 1957 என்று ஐந்து முறை உலக சாம்பியன். ஐந்தாவதை வாங்கும்போது 46 வயசு. மற்றவர்கள் வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கும் பருவம். அந்த ஐந்தைத் தாண்ட 2003-இல் மைக்கேல் ஷூமாக்கர் வர வேண்டியிருந்தது.

ஓட்டத்தை எல்லோரும் புகழ்ந்தாயிற்று. எனக்கு வியப்பு, கம்பெனி மாறுவதில் அந்த மனுஷருக்கு இருந்த மூக்கு. ஆல்ஃபா ரோமியோ, மெர்சிடிஸ், ஃபெராரி, மசெராட்டி என்று நாலு வீட்டில் கைநனைத்து ஐந்து பட்டம் வாங்கினார். அவர் கால் வைத்த இடத்தில் கோப்பை வந்தது. கால் எடுத்ததும் அந்தக் கம்பெனி பந்தயக் கடையைக் கட்டியது. ஒரே ஒரு முதலாளி மட்டும் தப்பினார். அவருக்கும் இவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. அந்தக் கதை பிறகு வரும்.

பிறந்தது 1911 ஜூன் 24, பால்கார்சே என்ற ஊரில். சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல். அப்பா இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த கட்டட வேலைக்காரர். பையன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான். கால்பந்து ஆடுவான், காலை விசித்திரமாக வளைத்துப் பந்தை உதைப்பதைப் பார்த்துத்தான் அந்தப் பட்டப்பெயர் வந்தது. பிற்காலத்தில் உலகமே உற்றுப் பார்த்த பாதங்கள் அவை. வளைந்திருந்ததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கிளட்ச் பெடல் எட்டியது.

முதல் பந்தயம் 1936-இல். வண்டி? டாக்சி. நண்பர் வீட்டு ஃபோர்டு டாக்சியை இரவல் வாங்கி, மேலே இருந்ததையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டினார். சொந்தப் பெயரில் கூட இல்லை. 'ரிவதாவியா' என்று ஒரு கால்பந்துக் கிளப்பின் பெயரில். வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக என்று சொல்வார்கள். எஞ்சின் பாதியில் படுத்தது. டாக்சி மறுபடி டாக்சியாகி சவாரிக்குப் போனது. அன்றைக்குப் பின்சீட்டில் ஏறிய பால்கார்சேவாசிக்குத் தான் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்திருக்காது.

அர்ஜென்டினாவில் அப்போது பந்தயம் என்றால் மைதானத்தில் வட்டமடிப்பது இல்லை. ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு போவது. மண்ரோடு, ஆற்றுப் படுகை, மலை, மாடு, எதிரே வரும் லாரி எல்லாமே போட்டியில் சேர்த்தி. ரசிகர்கள் ஃபோர்டு கட்சி, செவர்லே கட்சி என்று இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள். அந்த முறைப்பு இன்றுவரை ஓயவில்லை. ஊர்க்காரர்கள் வசூல் பண்ணி வாங்கிக்கொடுத்த வண்டியில் ஓடத் தொடங்கிய ஃபாஞ்சியோ செவர்லே கட்சியின் தலைவர் ஆனார். 1940-இல் புவெனஸ் ஐரிஸிலிருந்து பெருவின் லிமாவுக்குப் போய்த் திரும்பி வரும் பந்தயம். ஏறக்குறைய 9,500 கிலோமீட்டர், நடுவில் ஆண்டீஸ் மலை. மூச்சு முட்டுகிற உயரத்தில் எஞ்சினும் திணறும், ஆளும் திணறுவார். ரிப்பேர் செய்வதும் ஓட்டுநரேதான். ஜெயித்து வந்தார். இப்போதைய ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்று சுமார் 300 கிலோமீட்டர்; டயர் மாற்ற இருபது பேர் நிற்கிறார்கள்.

உலகப் போர் வந்து பெட்ரோலும் டயரும் ஒழிந்தன, பந்தயமும் நின்றது. 1948-இல் மறுபடி ஒரு நெடுந்தூரப் பந்தயம், கராகஸ் வரை. பெரு நாட்டில் ஒரு வளைவில், இருட்டில், கார் சரிந்து உருண்டது. பக்கத்தில் உட்கார்ந்து வந்த நண்பர் டேனியல் உர்ருத்தியா இறந்துபோனார். பந்தயமே வேண்டாம் என்று விட்டுவிடத்தான் நினைத்தார் ஃபாஞ்சியோ. விடவில்லை. இதில் வேடிக்கை பண்ண எனக்கு ஒன்றும் இல்லை.

1949-இல் பெரோன் அரசாங்கத்தின் ஆதரவோடு ஐரோப்பாவுக்கு வந்தார். சான் ரெமோ, பாவ், பெர்பிஞான் என்று வரிசையாக ஜெயித்தார். யாரய்யா இந்த வழுக்கை என்று விசாரித்த ஆல்ஃபா ரோமியோ, அடுத்த வருஷம் வேலை கொடுத்தது. ஃபரீனா, ஃபாஜியோலி, ஃபாஞ்சியோ என்று மூன்று ஃபானா. மொனாக்கோ பந்தயம்தான் இவர் யார் என்று காட்டியது. கடல் அலை சுவரைத் தாண்டி ரோட்டில் அடித்து ஒரு வளைவை வழுக்குப் பாறையாக்கிவிட்டது. முதல் சுற்றிலேயே ஃபரீனா சறுக்க, பின்னால் வந்த பத்து கார் வரை ஒன்றன்மேல் ஒன்று ஏறின. இதெல்லாம் நடந்தது முன்னால் போய்விட்ட ஃபாஞ்சியோவின் முதுகுக்குப் பின்னால். அடுத்த சுற்றில் அதே வளைவை நெருங்கும்போது பார்வையாளர் கூட்டத்தின் நிறம் மாறியிருப்பதைக் கவனித்தார். வெளுப்பாகத் தெரிய வேண்டிய முகங்களுக்குப் பதில் கறுப்பாகப் பின்தலைகள். முதலாவதாக வருகிற என்னைப் பார்க்காமல் ஜனம் வேறெதையோ பார்க்கிறது என்றால் என்னைவிட சுவாரசியமான ஏதோ நடந்திருக்கிறது! பிரேக்கை மிதித்தார். குவியலுக்கு நடுவே ஊசிக்குள் நூலாக நுழைந்து போய் ஜெயித்தார். தற்பெருமை உயிரைக் காப்பாற்றியதற்கு உலக வரலாற்றில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த வருஷம் மூன்று புள்ளியில் பட்டம் ஃபரீனாவுக்குப் போனது. 1951-இல் இவருக்கு வந்தது. வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பிரான்சில் ரெய்ம்ஸ் பந்தயத்தில் இவர் கார் மக்கர் பண்ணியது. 53 வயசு ஃபாஜியோலி நல்ல காரோடு உள்ளே வந்தார். இறங்கு, அந்தக் காரை இவருக்குக் கொடு என்றது கம்பெனி. அப்போது விதி அப்படி. பாதிப் பந்தயத்தில் கார் மாற்றிக்கொள்ளலாம், புள்ளியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஃபாஞ்சியோ அந்தக் காரில் ஜெயித்தார். வெற்றி இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. உலகப் போட்டியில் ஜெயித்தவர்களில் மிக மூத்தவர் என்ற சாதனை இன்றுவரை ஃபாஜியோலியுடையதுதான். அந்த சாதனை நிகழ்ந்த நேரத்தில் சாதனையாளர் ஓரமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு அவர் உலகப் போட்டிப் பக்கம் தலைவைக்கவில்லை.

அந்த வருஷத்துக் கடைசிப் பந்தயம் ஸ்பெயினில். ஃபெராரிக்காரர்கள் சின்ன சக்கரம் போட்டால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போட, டயர் தோல் தோலாக உரிந்து பறந்தது. ஃபாஞ்சியோ முதல்முறை உலக சாம்பியன். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கும் மேல் குடிக்கிற தன் காருக்கு இனித் தீனி போடப் பணமில்லை என்று ஆல்ஃபா ரோமியோ பந்தயத்தை விட்டு விலகியது. முதல் பூட்டு.

1952-இல் கம்பெனி இல்லாமல் கிடைத்த இடத்தில் ஓட்டினார். ஜூன் 7 சனிக்கிழமை வட அயர்லாந்தில் ஒரு பந்தயம், மறுநாள் இத்தாலியில் மோன்சாவில் இன்னொன்று. ஒரே முகூர்த்த நாளில் இரண்டு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்ட நாதஸ்வரக்காரர் நிலைமை. சயாம் இளவரசர் பீரா தன் விமானத்தில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவர் இவரை விட்டுவிட்டுப் பறந்துபோய்விட்டார். ராஜ குடும்பத்தோடு சகவாசம் அப்படித்தான். எப்படியோ பாரிஸ் வந்தால் வானிலை சரியில்லை, மேலே விமானம் கிடையாது. கார் ஒன்றைப் பிடித்து இரவெல்லாம் ஓட்டி ஆல்ப்ஸைத் தாண்டி, பந்தயத்துக்கு அரை மணி இருக்கும்போது மோன்சா வந்து சேர்ந்தார். கண்ணில் தூக்கம், வரிசையில் கடைசி இடம். இரண்டாவது சுற்றில் கார் தடத்தை விட்டுப் போய் இவரை வெளியே எறிந்தது. அப்போது சீட் பெல்ட் கிடையாது. விபத்தில் தூக்கி எறியப்படுவதே நல்லது என்பது அந்தக் காலத்துப் பாதுகாப்பு விஞ்ஞானம். கழுத்து எலும்பு முறிந்தது. நடப்பு உலக சாம்பியன் அந்த வருஷம் முழுக்கக் கழுத்தில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து, ஃபெராரி ஓட்டுநர் ஆஸ்காரி பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தார். திரும்பிப் பார்க்கக் கழுத்துதான் இல்லை.

1954-இல் மெர்சிடிஸ் கூப்பிட்டது. கார் இன்னும் தயாராகவில்லை என்றார்கள். தயாராகும்வரை சும்மா இருப்பானேன் என்று மசெராட்டியில் இரண்டு பந்தயம் ஜெயித்து வைத்தார். அதில் ஒன்று சொந்த நாட்டில், புவெனஸ் ஐரிஸில், மழையில். டயர் மாற்றும்போது விதிக்கு மேல் ஆட்கள் காரைச் சூழ்ந்துவிட்டார்கள் என்று ஃபெராரி மேலாளர் புகார் எழுதினார். புகார் எழுதியதும் தீர்ப்பே வந்துவிட்ட மாதிரி, நிதானமாகப் போங்கள் என்று தன் ஓட்டுநர்களுக்குப் பலகை காட்டினார். அவர்கள் நிதானமாகப் போனார்கள். ஃபாஞ்சியோ ஜெயித்தார். புகார் தள்ளுபடி.

மெர்சிடிஸ் ஜூலையில் ரெய்ம்ஸில் வந்து இறங்கியது. சக்கரங்களையும் மூடிய, மீன் போன்ற வெள்ளிக் கார். முதல் பந்தயத்திலேயே முதலிரண்டு இடம். அடுத்தது சில்வர்ஸ்டோன். அது போர்க்கால விமானத் தளம். வளைவுகளைக் காட்ட ஆங்கிலேயர்கள் எண்ணெய் பீப்பாய்களை வைத்திருந்தார்கள். உடம்பு முழுக்க மூடிய காரில் முன்சக்கரம் எங்கே இருக்கிறதென்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஃபாஞ்சியோ பீப்பாய் பீப்பாயாக இடித்துக்கொண்டே போனார். ஜெர்மானியப் பொறியியலின் உச்சம் பழைய தகரப் பீப்பாயிடம் தோற்று நசுங்கி நாலாவதாக வந்து நின்றது. பிறகு சக்கரம் தெரிகிற கார் செய்துகொடுத்தார்கள். பட்டமும் வந்தது.

1955 ஜனவரி, மறுபடி புவெனஸ் ஐரிஸ். கோடையின் உச்சி. மூன்று மணி நேரப் பந்தயம். வெய்யிலில் ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகக் காரிலிருந்து இறங்கி விழுந்தார்கள். தண்ணீர் குடித்துத் தெளிந்தவர் எந்தக் கார் காலியோ அதில் ஏறினார். முடிவுப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். இரண்டாவது வந்த காரை மூன்று பேர் ஓட்டியிருந்தார்கள். மூன்றாவது வந்த காரையும் மூன்று பேர். ஃபரீனாவும் ட்ரான்டின்யானும் இரண்டு காரிலும் இருந்தார்கள். அதாவது ஒரே பந்தயத்தில் ஒரே ஆள் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தார், தன்னிடமே தோற்றார். சக மெர்சிடிஸ் ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸ், கார் நின்றுபோய் ஓரமாகப் படுத்தார். வெய்யில் அடித்துவிட்டது என்று நினைத்த ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை அள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. கடைசிவரை கார் மாற்றாமல் ஓட்டியவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருமே அர்ஜென்டினாக்காரர்கள். ஃபாஞ்சியோ முதலாவது. காரின் இரும்புச் சட்டம் சுட்டு காலில் போட்ட தழும்பு அவரோடு கடைசிவரை இருந்தது.

அந்த ஜூனில் பிரான்சின் லெ மான்ஸ் பந்தயம். மெர்சிடிஸின் லெவெக் ஓட்டிய கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். லெவெக்கும் இறந்தார். ஒரு நொடி பின்னால் வந்தவர் ஃபாஞ்சியோ. மோதுவதற்கு முன் லெவெக் கையைத் தூக்கி எச்சரித்ததால்தான் தான் பிழைத்ததாக அவர் பிறகு சொன்னார். மூன்றாவது பட்டத்தை அவர் வாங்கிய அந்த வருஷக் கடைசியில் மெர்சிடிஸ் விலகியது. இரண்டாவது பூட்டு. அந்த விபத்தைப் பகடியாக எழுத முடியவில்லை.

இப்போது அந்த ஒரு முதலாளி. என்ஸோ ஃபெராரியும் ஃபாஞ்சியோவும் 1956-இல் சேர்ந்தது காதல் கல்யாணம் இல்லை. ஜாதகம் பார்த்திருந்தால் நின்றிருக்கும். ஓட்டுநர் எல்லோரும் சமம் என்பார் முதலாளி. எல்லோரும் சமம்தான், ஆனால் நான் மூன்று முறை சாம்பியன் என்று நினைத்துக்கொள்வார் ஓட்டுநர். தன் காருக்கு வேண்டுமென்றே சரியாக வேலை செய்வதில்லை என்ற சந்தேகம் வேறு. கடைசிப் பந்தயம் மோன்சாவில், இவர் காரின் ஸ்டியரிங் முறிந்தது. உள்ளே வந்த சக ஓட்டுநர் முஸ்ஸோவிடம் காரைக் கேட்டார்கள். அவர் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். அப்புறம் வந்தார் பீட்டர் காலின்ஸ். ஆங்கிலேயர், வயசு 24. அவருக்கே பட்டம் கிடைக்க வாய்ப்பு இருந்தது. யாரும் வற்புறுத்தாமல் தானாக இறங்கி சாவியைக் கொடுத்தார். பந்தயக் காருக்குச் சாவி கிடையாது, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அந்தக் காரில் இரண்டாவதாக வந்து நாலாவது பட்டம். ஃபாஞ்சியோ ஃபெராரியை விட்டுப் போனார். பிறகு நினைவுக் குறிப்பில் இவர் முதலாளியைக் குறை சொன்னார், தன் நினைவுக் குறிப்பில் முதலாளி பதில் சொன்னார். ஃபெராரி கம்பெனிக்குப் பூட்டு விழவில்லை. வன்மம் ஒரு கம்பெனியைக் காக்கும் என்பதுதான் என் ஊகம்.

1957. மசெராட்டி. ஆகஸ்ட் 4, ஜெர்மனியின் நூர்புர்க்ரிங். ஒரு சுற்றே 22.8 கிலோமீட்டர், காட்டுக்கும் மலைக்கும் நடுவில் வளைந்து வளைந்து போகிற ரோடு. 22 சுற்று. ஃபெராரியில் மைக் ஹாதார்னுக்கும் நம் காலின்ஸுக்கும் டாங்க் நிறையப் பெட்ரோல், நிற்காமல் ஓடும் திட்டம். ஃபாஞ்சியோ பாதி டாங்கோடு கிளம்பி, முன்னால் போய் நேரம் சேர்த்து, நடுவில் நின்று டயரும் பெட்ரோலும் வாங்குவது என்று கணக்கு. அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்த்துவிட்டு உள்ளே வந்தார். அங்கே மெக்கானிக் சக்கரத்தின் நட்டைக் கீழே விட்டார். அது உருண்டு காருக்கடியில் போனது. உலகின் மிக வேகமான மனிதர் நிற்க, மசெராட்டி பரிவாரம் குனிந்து நட்டு தேடியது. வெளியே வரும்போது முக்கால் நிமிஷத்துக்கும் மேல் பின்னால்.

புது டயர் படிய இரண்டு சுற்று மெதுவாகவே போனார். கிழவர் ஓய்ந்தார், நிதானமாக ஓட்டுங்கள் என்று ஃபெராரி தன் ஆட்களுக்குப் பலகை காட்டியது. பலகை காட்டுவதில் அந்தக் கம்பெனிக்கு ராசியே கிடையாது. அதன்பிறகு ஃபாஞ்சியோ ஓட்டியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. சாதாரணமாக இரண்டாவது கியரில் போகிற வளைவில் மூன்றாவது, மூன்றாவதில் போவதில் நாலாவது. சுற்றுக்குச் சுற்று சாதனையை உடைத்தார். முந்தைய வருஷ சாதனை 9 நிமிஷம் 41.6 வினாடி, அதுவும் இவருடையதுதான். இப்போது 9 நிமிஷம் 17.4. நடுவில் இருக்கை வேறு கழன்று ஆடத் தொடங்கியது, முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அந்த வளைந்த காலுக்கு ஒரு உபயோகம் தெரிந்தது. கடைசிக்கு முந்தின சுற்றில் காலின்ஸைத் தாண்டினார், ஹாதார்னைத் தாண்டினார். 3.6 வினாடியில் ஜெயித்தார். தோற்ற இரண்டு ஆங்கிலேயர்களும் தாங்கள் ஜெயித்த மாதிரி சிரித்துக்கொண்டு வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். இனி வாழ்க்கையில் அப்படி ஓட்ட மாட்டேன் என்று ஃபாஞ்சியோ சொன்னார். இரண்டு நாள் தூக்கம் வரவில்லையாம். கண்ணை மூடினால் வளைவு வந்திருக்கிறது.

ஐந்தாவது பட்டம். அதே வருஷக் கடைசியில் கராகஸில் ஒரு பந்தயம். இவர் அதில் இல்லை. மசெராட்டி தன் பெரிய கார்கள் அத்தனையையும் ஒரே நாளில் ஒன்றோடொன்று மோதியும் எரித்தும் முடித்துக்கொண்டது. ஏற்கெனவே கடன். பந்தயக் கடை மூடல். மூன்றாவது பூட்டு.

1958 பிப்ரவரி 23, கியூபா. மறுநாள் பந்தயத்துக்காக ஹவானாவின் லிங்கன் ஹோட்டலில் இருந்தார். வரவேற்பறையில் நண்பர்களோடு நின்றபோது ஒரு இளைஞன் வந்து துப்பாக்கியை நீட்டினான். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். ஃபிடல் காஸ்ட்ரோவின் ஜூலை 26 இயக்கம் விளையாடவில்லை. சர்வாதிகாரி பாட்டிஸ்டாவின் முகத்தில் கரி பூச உலக சாம்பியனைத் தூக்கியது. காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் மனசெல்லாம் அந்தக் காரை ஓட்டியவனிடம்தான் இருக்கிறது. பக்கத்திலோ பின்னாலோ ஐந்து முறை உலக சாம்பியன் உட்கார்ந்திருக்க, கியர் மாற்றும்போது அவனுக்குக் கை நடுங்கியிருக்காதா?

வீடு வீடாக மாற்றினார்கள், நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். பாட்டிஸ்டா விடாப்பிடியாகப் பந்தயத்தை நடத்தினார். ரோட்டில் எண்ணெய், ஒரு கார் கூட்டத்தில் பாய்ந்து பலர் இறந்தார்கள். கடத்தியவர்கள் ஃபாஞ்சியோவை அர்ஜென்டினா தூதரகத்திடம் பத்திரமாக ஒப்படைத்தார்கள். போலீசுக்கு யாரையும் அடையாளம் காட்ட அவர் மறுத்துவிட்டார். ஐரோப்பாவில் ஐந்து பட்டம் வாங்கியும் தன்னைத் தெரியாத அமெரிக்காவுக்கு, ஒரு நாள் கடத்தப்பட்டதும் தன்னைத் தெரிந்துவிட்டது என்று சிரிப்பார். அதே அமெரிக்காவில் அந்த மே மாதம் இண்டியானாபோலிஸ் பந்தயத்துக்குப் போனபோது, புதிதாக வருகிறவர்களுக்கான ஓட்டுநர் சோதனையில் தேறிக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். கார் பிடிக்கவில்லை, வந்துவிட்டார்.

ஜூலையில் ரெய்ம்ஸ். கிளட்ச் பெடல் உடைந்த மசெராட்டியில் நாலாவது. முதலாவதாக வந்த ஹாதார்ன் கடைசி நேரத்தில் பிரேக் போட்டார். இந்த மனுஷரை நான் ஒரு சுற்று பின்தள்ளக் கூடாது என்று. அன்றைய பந்தயத்தில் முஸ்ஸோ இறந்தார். அடுத்த மாதம் காலின்ஸ். அதற்கு முன்பே சக ஓட்டுநர்கள் மரிமோன், ஆஸ்காரி, காஸ்டெல்லோத்தி. ஃபாஞ்சியோ அந்த ரெய்ம்ஸோடு இறங்கிக்கொண்டார். 1995 ஜூலை 17 வரை, 84 வயசு வரை இருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு மெர்சிடிஸ் வியாபாரம் பார்த்தார். 1981-இல் அதன் அர்ஜென்டினாக் கிளைக்காக லாரி விற்பது பற்றிப் பேச கியூபா போனார். கடத்தலுக்குத் திட்டம் போட்டவர்கள் இப்போது அரசாங்கம். அவர்களில் ஒருவரான ஃபௌஸ்தினோ பெரெஸ் வரவேற்றார், காஸ்ட்ரோ சந்தித்தார். பழைய கதையெல்லாம் பேசியிருப்பார்கள். ஃபாஞ்சியோ லாரி விலையைப் பற்றியும் பேசியிருப்பார்.